எழுத மறுத்த பத்திரம்
ஜான் வுல்மனின் ஜர்னலை முன்வைத்து

ஜான் வுல்மனை எப்படி வாசிக்க வேண்டும் என்று ஆங்கில இலக்கிய உலகம் ஏற்கனவே ஒரு தடம் போட்டு வைத்திருக்கிறது. குவேக்கர்களின் கூட்டம் பற்றிய தன் கட்டுரையில் சார்லஸ் லாம்ப், வுல்மனின் எழுத்துக்களை மனப்பாடம் செய்துகொள்ளும்படி வாசகருக்குச் சிபாரிசு செய்தார். 1871இல் கவிஞர் விட்டியர் தன் முன்னுரையோடு வுல்மனின் ஜர்னலைப் பதிப்பித்தார். 1909இல் ஹார்வர்டு கிளாசிக்ஸ் வரிசையின் முதல் தொகுதியில் பெஞ்சமின் பிராங்க்ளினின் சுயசரிதைக்குப் பக்கத்தில் அது இடம்பிடித்தது. முன்னேறிய அமெரிக்கனுக்கு ஒரு மாதிரி, தூய ஆத்மாவுக்கு ஒரு மாதிரி. இரண்டும் ஒரே அட்டைக்குள். கணக்கு சரியாகிவிட்டது.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு வாசிப்பும் உண்டு. நம் மத்தியில் இது அதிகம் செல்லுபடியாகும். 'வெள்ளைக்காரக் குடியேறி ஒருத்தன், அடிமையை வைத்திருந்த சமூகத்தில் இருந்துகொண்டு, தன் மனசாட்சியைக் கழுவிச் சுத்தம் பண்ணிக்கிட்டான். இதுல கறுப்பர்களுக்கு என்ன கிடைச்சுது?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் முதல் வாசிப்பு போலவே இதுவும் வுல்மனை ஓர் ஆத்மாவாகவே எடுத்துக்கொள்கிறது. அங்கே தூய ஆத்மா, இங்கே போலி ஆத்மா. வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் அவரை ஓர் எழுத்தராக வாசிக்க விரும்புகிறேன். இலக்கிய அர்த்தத்தில் இல்லை. கிரயப் பத்திரம், உயில், கணக்கு எழுதிக் காசு வாங்கிய பத்திர எழுத்தராக. ஜர்னல் என்ற பிரதியின் உள்ளே இன்னொரு பிரதிக்கூட்டம் இருக்கிறது. அவர் எழுதிக் கொடுத்தவை, எழுத மறுத்தவை, பாதி எழுதி நிறுத்தியவை. அந்தத் தாள்களின் வழியாகப் போனால்தான் இந்த வாழ்க்கை நமக்குப் பேசும்.

வாழ்க்கை விவரங்கள் குறைவு. 1720 அக்டோபர் 19இல் நியூ ஜெர்சியின் பர்லிங்டன் பகுதியில், ராங்கோகஸ் ஆற்றையொட்டிய ஒரு குவேக்கர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 21 வயதில் பக்கத்திலிருந்த மவுண்ட் ஹாலியில் ஒரு வணிகரின் கடையைப் பார்த்துக்கொள்ளவும் கணக்கெழுதவும் போனார். பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். தையல் வேலை கற்றார். 1749இல் சாரா எல்லிஸை மணந்தார். 1756 வாக்கில், 36 வயதில், ஜர்னலை எழுதத் தொடங்கினார். 1772 அக்டோபர் 7இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் அம்மை கண்டு இறந்தார். ஜர்னல் என்று பெயர் இருந்தாலும் அது அன்றாடக் குறிப்பு அல்ல. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்து, திருத்தித் திருத்தி எழுதிய ஆன்மீகத் தன்வரலாறு. ஆகவே அதில் எது சொல்லப்படுகிறது என்பதோடு எது விடப்படுகிறது என்பதையும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

குவேக்கர்கள் யார் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் கொந்தளிப்பில் பிறந்த சமயக் குழு. தங்களை நண்பர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். குரு கிடையாது, சடங்கு கிடையாது, மௌனமாக அமர்ந்து உள்ளொளிக்குக் காத்திருத்தலே வழிபாடு. யாருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள், ஆயுதம் எடுக்க மாட்டார்கள், ஆணை உறுதி செய்ய மாட்டார்கள். இதற்காகச் சிறை சென்றார்கள். 1659க்கும் 1661க்கும் இடையில் பாஸ்டனில் நாலு பேர் தூக்கில் தொங்கினார்கள். இப்படிப்பட்டவர்கள் பென்சில்வேனியாவிலும் நியூ ஜெர்சியிலும் நிலமும் அதிகாரமும் கைக்கு வந்ததும் அடிமைகளை வாங்கினார்கள். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தவர்தான். எல்லா மனிதருக்குள்ளும் ஒளி உண்டு என்ற கோட்பாடும், மனிதரை விலைக்கு வாங்கும் பழக்கமும் ஒரே வீட்டுக்குள் சண்டை சச்சரவின்றிக் குடித்தனம் நடத்தின.

முழுக்கச் சச்சரவின்றி என்றும் சொல்ல முடியாது. 1688இலேயே ஜெர்மன்டவுனில் நாலு பேர் அடிமை முறைக்கு எதிராக ஓர் எதிர்ப்பு மனு எழுதினார்கள். மாதக் கூட்டம் அதை 'விஷயம் கனமானது' என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அது ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் தீர்ப்புச் சொல்வது பொருத்தமில்லை என்று எடுத்து வைத்துவிட்டது. அந்தத் தாள் 1844இல்தான் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. அமைப்பு வேலைகளில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இந்த நடைமுறையை விளக்க வேண்டியதில்லை. யாரும் மறுக்கவில்லை. மேலே அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சூழலில் 1742 வாக்கில் ஒரு நாள், மவுண்ட் ஹாலி கடை முதலாளி தன்னிடமிருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்கிறார். வாங்குகிறவர் காத்திருக்கிறார். விற்பனைச் சீட்டு எழுதும்படி வுல்மனுக்கு உத்தரவு வருகிறது. எதிர்பாராமல் வந்த உத்தரவு. மனசு உறுத்துகிறது. ஆனாலும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஏன்? ஜர்னல் மூன்று காரணங்களைத் தருகிறது. அவர் ஆண்டுக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர். எழுதச் சொன்னது முதலாளி. வாங்கியவர் தன் சங்கத்தைச் சேர்ந்த வயதான மனிதர். கூலி, மேலிடம், சொந்த ஜனம் என்று இதைச் சுருக்கலாம். உலகத்தில் எழுதப்பட்ட பெரும்பாலான அநியாயப் பத்திரங்கள் இந்த மூன்று காரணங்களால்தான் எழுதப்பட்டிருக்கும். கொடூரத்தால் எழுதப்பட்டவை சொற்பம். எழுதும்போதே, அடிமை வைத்திருப்பது கிறிஸ்துவ சமயத்துக்கு ஒவ்வாது என்று தான் நினைப்பதாக முதலாளியிடமும் வாங்கியவரிடமும் சொல்லிவிட்டார். அதனால் மன உறுத்தல் கொஞ்சம் தணிந்தது என்றும், எழுதாமல் விலகிக்கொண்டிருந்தால் இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்றும் பின்னால் எழுதுகிறார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வாய் எதிர்ப்புச் சொல்கிறது, கை பத்திரம் எழுதுகிறது. சட்டத்துக்கு வாய் தேவையில்லை, கை போதும். அந்தப் பெண் புதிய வீட்டுக்குப் போய்விட்டாள். எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு வேலையை முடித்துக் கொடுப்பது என்ற இந்த ஏற்பாடு எழுதுகிறவர்களுக்கு ரொம்பப் பழக்கமானது. வுல்மன் அதை வெற்றியாகச் சொல்லவில்லை என்பது முக்கியம்.

அந்தப் பெண்ணின் பெயர் ஜர்னலில் இல்லை. வயது இல்லை. அவள் அந்த அறையில் இருந்தாளா என்பதுகூட இல்லை. வுல்மனின் மனசுக்குள் என்ன நடந்தது என்பது நுணுக்கமாக இருக்கிறது. அவள் மனசுக்குள் என்ன நடந்தது என்ற கேள்வியே எழவில்லை. ஒப்புதல் வாக்குமூலம் என்பது உண்மையை வெளியே கொண்டுவரும் கருவி என்பதைவிட, சொல்லுபவனின் தன்னிலையை உற்பத்தி செய்யும் கருவி என்று ஃபூக்கோ சொல்வது இங்கே அப்படியே பொருந்துகிறது. வுல்மன் என்ற தன்னிலை பிறப்பதற்கு ஒரு பெண் விற்கப்பட வேண்டியிருந்தது. பிரதியில் அவள் ஒரு சந்தர்ப்பம். இத்தோடு நிறுத்தினால் நம் நண்பர்களின் வாசிப்பு வென்றுவிடும். ஆனால் பிரதி இத்தோடு நிற்கவில்லை.

சில காலம் கழித்து, சங்கத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் அடிமை ஒருத்தியின் உரிமை மாற்றப் பத்திரம் எழுதித் தரும்படி வருகிறார். இம்முறை வுல்மன் எழுத மறுக்கிறார். வந்தவர் சொன்ன பதில் சுவாரசியமானது. அடிமை வைத்திருப்பது தன் மனதுக்கும் அவ்வளவாக ஒப்பவில்லைதான், ஆனால் மனைவிக்குப் பரிசாக வந்ததால் ஏற்றுக்கொண்டேன் என்கிறார். ஆக, எழுதுகிறவருக்கும் இஷ்டமில்லை, எழுதச் சொல்கிறவருக்கும் இஷ்டமில்லை. யாருக்குமே இஷ்டமில்லாத ஓர் அமைப்பு இருநூறு வருஷம் நடந்திருக்கிறது. கருத்தியல் என்று நாம் பேசுவதெல்லாம் இதைத்தானே. நம்பிக்கை இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை, பத்திரம் இருந்தால் போதும்.

உயில் எழுதும் காட்சிகள்தான் என் வாசிப்பின் மையம். 1753இல் நோயுற்றுக் கிடந்த ஒருவருக்கு உயில் எழுத அவர் சகோதரர் வந்து அழைக்கிறார். அடிமைகளைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வுல்மன் மறுக்கிறார். எழுத்து வேலை நல்ல வரும்படி உள்ளது, மரியாதைப்பட்ட மனிதர்களைப் பகைத்துக்கொள்வது தனக்குப் பிடிக்காதது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார். இன்னொரு முதியவர் அதே வேலைக்கு வந்து, மறுப்பைக் கேட்டுவிட்டு வேறு ஆளிடம் போய் எழுதிக்கொள்கிறார். சில வருஷம் கழித்து மறுபடி வருகிறார். தன் மகன் அப்போது ஊதாரியாக இருந்ததால்தான் வுல்மன் மறுத்தார், இப்போது மகன் திருந்திவிட்டான், இனி எழுதித் தருவார் என்பது அவர் நினைப்பு. வெகுநேரம் பேசுகிறார்கள். அன்று ஒன்றும் முடிவாகவில்லை. சில நாள் கழித்து வந்து, அடிமைகளை விடுதலை செய்யும்படி எழுதச் சொல்கிறார். வுல்மன் எழுதுகிறார்.

மூன்றாவது காட்சி இன்னும் நுட்பமானது. அடிபட்டுக் கிடந்த பக்கத்து வீட்டுக்காரர், அக்கால வைத்திய முறைப்படி ரத்தம் எடுத்துவிட வுல்மனைக் கூப்பிடுகிறார். அப்படியே உயிலும் எழுதச் சொல்கிறார். தன்னிடமுள்ள இளம் அடிமைப் பெண்ணை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பதும் அதில் ஒரு ஷரத்து. வுல்மன் அந்த ஒரு ஷரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதி, படுக்கையருகே எடுத்துப் போய் வாசித்துக் காட்டுகிறார். சக மனிதரை அடிமையாக்கும் பத்திரம் எதையும் தன்னால் எழுத முடியாது, எழுதியவரைக்கும் கூலி வேண்டாம் என்கிறார். பேச்சு நடக்கிறது. கடைசியில் அந்த மனிதர் அவளை விடுதலை செய்யச் சம்மதிக்கிறார். உயில் முடிக்கப்படுகிறது.

நாம் மௌனம், இடைவெளி, வெற்றிடம் என்று பிரதிகளில் தேடிக்கொண்டிருக்கிறோம். இங்கே ஒரு வெற்றிடம் வேண்டுமென்றே விடப்படுகிறது. கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் வேறொரு ஆள் வந்து எழுதியிருப்பார். முழுக்க எழுதியிருந்தால் அவள் ஒரு பிள்ளையின் சொத்தாகியிருப்பாள். பத்திரத்தை முக்கால்வாசி முடித்து, சாகக் கிடக்கிறவன் முன்னால் அந்த ஓட்டையை உரக்க வாசித்துக் காட்டியது ஓர் எழுத்துச் செயல்பாடு. இந்தப் பெண்ணுக்கும் பெயர் இல்லைதான். ஆனால் அவள் போனாள், அடிமையாக இல்லாமல் போனாள். 'கறுப்பர்களுக்கு என்ன கிடைச்சுது' என்ற கேள்விக்கு இந்தப் படுக்கையறையில் ஒரு சின்ன, திட்டவட்டமான பதில் இருக்கிறது.

எழுத்தருக்கே உரிய குணம் அவருடைய குற்றவுணர்விலும் தெரிகிறது. ஒருமுறை ஓர் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தபோது, மனச் சோர்வினால், ஒரு கறுப்பினப் பையனை 30 வயது வரை உழைக்க வேண்டும் என்று விற்றிருந்தார். பணம் அந்தச் சொத்துக் கணக்கில் சேர்ந்தது. 1769 வாக்கில் இது அவரை வாட்டியெடுக்கிறது. கணக்குப் போடுகிறார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் 21 வயது வரை ஊழியம் செய்கிறார்கள். இவன் ஒன்பது வருஷம் கூடுதல். விற்றது தானும் இன்னொருவரும். ஆகவே பாதிப் பொறுப்பு, நாலரை வருஷம். அந்த நாலரை வருஷத்துக்கு நியாயமான தொகையைத் தானோ தன் வாரிசுகளோ கொடுப்பதாக ஒரு கடன் பத்திரம் எழுதிக் கையெழுத்திடுகிறார். மனந்திருந்தலை கண்ணீராக்காமல் பத்திரமாக்குகிறார். பத்திரத்தால் செய்த தீங்கைப் பத்திரத்தால்தான் எடுக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாலரை என்ற எண் சிரிப்பு மூட்டலாம். அந்தப் பையனின் மொத்த வாழ்வுக்கு யார் கணக்குப் போடுவது என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் நஷ்டஈடு என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குகிற தேசத்தில், அதற்கு இருநூற்றைம்பது வருஷம் முன்பே ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

1757இல் மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா வழியாகப் பயணம் போனபோது, அடிமை வைத்திருந்த வீடுகளில் சாப்பிட்டதற்கும் தங்கியதற்கும் வெள்ளிக்காசு கொடுத்தார். சில இடங்களில் வேலை செய்த அடிமைகளிடமே கொடுத்தார். விருந்தோம்பல் என்பது கூலி கொடுக்கப்படாத உழைப்பு என்பதை வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நினைவூட்டும் காரியம் அது. சாயம் தோய்க்காத துணியும் இயற்கை நிறத் தொப்பியுமாகத் திரிந்தார். கடை வியாபாரம் பெருகியபோது அதைக் குறைத்துக்கொண்டார். முன்பு அந்தக் கடையில் மேற்கிந்தியத் தீவுகளின் ரம், சர்க்கரை, வெல்லப்பாகு விற்றதும் பின்னாளில் அவர் கணக்கில் ஏறியது. 1772இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறும்போது அலங்கரித்த அறையை மறுத்து மாலுமிகளோடு கீழ்த்தளத்தில் போனார். இங்கிலாந்தில் குதிரைகளையும் வண்டிப் பையன்களையும் வதைக்கும் அஞ்சல் வண்டிகளில் ஏற மறுத்து நடந்தார். தூய ஆத்மா வாசிப்பு இவற்றை எளிமை என்கிறது. பொருளுக்குள் ஒளிந்திருக்கும் உழைப்பை வாசிக்கும் முறை என்று நான் சொல்வேன். சரக்கின் மாயம் பற்றி மார்க்ஸ் எழுதுவதற்கு நூறு வருஷம் முன்னால், தத்துவம் இல்லாமல், ஒரு தையல்காரர் சர்க்கரையைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

இனி, அமைப்பு அவரை என்ன செய்தது? 1738இல் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் பெஞ்சமின் லே என்ற குள்ள உருவக் குவேக்கர், குடைந்த புத்தகத்துக்குள் சிவப்புச் சாறு நிரப்பிய பையை வைத்து, வாளால் குத்தி, அடிமை வைத்திருப்போர் மேல் ரத்தம்போல் தெறிக்க விட்டார். சங்கம் அவரை நீக்கியது. குகை வீட்டில் வாழ்ந்து 1759இல் இறந்தார். வுல்மன் கத்தவில்லை. மெதுவாகப் பேசினார். 1758இல் ஃபிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமைகளை வாங்கி விற்பவர்களைச் சங்க நிர்வாகத்திலிருந்து விலக்கவும், அடிமை வைத்திருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பேச ஒரு குழு அமைக்கவும் முடிவெடுத்தபோது அந்தக் குழுவில் வுல்மன் இருந்தார். 1776இல் அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்றானது. லே தெருவில் நின்றதால்தான் வுல்மனுக்கு உள்ளே நாற்காலி கிடைத்தது என்று நினைக்கிறேன். ஆனால் சங்கம் வுல்மனைத் தன் ஆளாகக் கொண்டாடியது. லேயை அவருடைய பழைய கூட்டம் ஏற்றுக்கொள்ள 2017 ஆக வேண்டியிருந்தது.

வுல்மனையும் முழுசாக ஏற்கவில்லை. 1774இல் ஜர்னலைப் பதிப்பித்த குழு சில கனவுகளை நீக்கிவிட்டது. 1970இல் அல்ல, 1770இல் கண்ட ஒரு கனவு இது. பாதி நரி, பாதி பூனையாக ஒரு மிருகம். அதற்கு இரை போட ஒரு கறுப்பினக் கிழவரைத் தூக்கிலிட்டிருக்கிறார்கள். தூக்கிலிடும்போது தேநீர் மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், யாரும் எதிர்த்துப் பேசவில்லை, ஆனால் தன்னால் அதற்குமேல் தேநீர் குடிக்க முடியவில்லை என்கிறாள். கனவில் வுல்மனும் பேசாமல் நிற்கிறார். முழுப் பிரதியை வாசகர் பார்க்க இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. பதிப்பாளர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்பது புரிகிறது. அந்தத் தேநீர் மேசை அவர்களுடைய மேசை. எதிர்த்துப் பேசாமல் தேநீரை மட்டும் நிறுத்துவதே அவர்களின் அறமாக இருந்தது. கைகளைச் சுத்தப்படுத்திக்கொண்ட பிறகு 1830களிலும் ஃபிலடெல்பியாவின் ஆர்ச் தெருக் கூட்டத்தில் கறுப்பர்களுக்குத் தனி பெஞ்சு இருந்தது. அங்கே உட்கார வைக்கப்பட்ட சாரா மாப்ஸ் டக்ளஸ் அதை எழுதி வைத்திருக்கிறார். ஜர்னலில் பெயரில்லாமல் போன பெண்ணுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து வந்த பதிலாக நான் அந்த எழுத்தை வாசிக்கிறேன்.

வுல்மனின் எழுத்தருக்கும் ஓர் எல்லை உண்டு. அவர் பிறந்த நிலம் லெனாப்பே மக்களின் நிலம். அடிமை வணிகம் பற்றி ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்த அதே 1758இல், அதே பர்லிங்டன் மாவட்டத்தில், சுமார் 3,000 ஏக்கரில் பிரதர்டன் என்ற ஒதுக்கிடம் அவர்களுக்காக உருவாக்கப்பட்டது. நியூ ஜெர்சியில் அவர்களின் மற்ற நில உரிமைகளைத் தீர்த்துக்கட்டும் ஏற்பாட்டின் பகுதி அது. பெயருக்கு அர்த்தம் சகோதரர் ஊர். 1763இல் எல்லைப்புறச் சண்டைகளுக்கு நடுவே வுல்மன் வியலூசிங் வரை பூர்வகுடிகளைத் தேடிப் போனார். ரம் விற்று அவர்களை ஏமாற்றும் வணிகத்தையும் குடியேறிகளின் நில ஆசையையும் கண்டித்து எழுதினார். ஆனால் மனித விற்பனைச் சீட்டின் முன் நின்ற பேனா, நிலப் பத்திரத்தின் முன் அப்படி நிற்கவில்லை. ஓர் ஆளை விற்கும்போது எதிரே ஓர் ஆள் இருக்கிறாள். நிலம் கைமாறும்போது அதை இழந்தவர்கள் ஏற்கனவே அறையில் இல்லை.

இந்தப் பிரதியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மனசாட்சி அல்ல. அது எல்லோரிடமும் இருந்தது, அந்த இளைஞரிடமும் இருந்தது. கவிதை எழுதுகிறவர்கள், துண்டறிக்கை எழுதுகிறவர்கள், அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறவர்கள் என்று நாம் எல்லோரும் யாரோ ஒருவர் காத்திருக்க ஒரு தாளின் முன் உட்காரத்தான் போகிறோம். கூலியும் மேலிடமும் சொந்த ஜனமும் பின்னால் நிற்கும். கண்டனத்தை வாயால் சொல்லிவிட்டு எழுதிக் கொடுப்பது ஒரு வழி. எழுந்து போவது ஒரு வழி. மிச்சத்தையெல்லாம் எழுதி, அந்த ஒரு ஷரத்தை விட்டு, சொந்தக்காரனுக்கு வாசித்துக் காட்டி, கூலியை வேண்டாமென்று சொல்லி, அவன் வாயிலிருந்து வேறு வாக்கியம் வருகிறவரை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மூன்றாவது வழி. அதற்கு நேரம் பிடிக்கும். அந்த முதியவரின் விஷயத்தில் வருஷக்கணக்கில் பிடித்தது.